இனி நினைவூட்டல் வேண்டாம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு மட்டமான ஜோக்கிலிருந்து பிறந்தது. அடித்தவன் நான். அழுதது, என் வீட்டு வாசலில் கையில் ஃபைலோடு நின்ற ஒரு பெண். என் ஜோக்குகளுக்குக் கொட்டாவி விட்டவர்கள் உண்டு, பேச்சை மாற்றியவர்கள் உண்டு. அழுதவர் இவர் ஒருவர்தான்.

நான் நூலகத்துக்குப் போவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. போன வருடம் அங்கிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே நாலு பக்கக் கேள்வித்தாள், தபால்தலை ஒட்டிய பதில் உறை, ஓர் அஞ்சலட்டை. நூலகத்துக்கு வருவதை நீங்கள் ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒருவர் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாராம். கேள்வித்தாளை ஜன்னல் கட்டையில் போட்டேன். பதில் உறையின் தபால்தலையை நீராவியில் காட்டி உரித்து, என் கதை ஒன்றைப் பத்திரிகைக்கு அனுப்பப் பயன்படுத்திக்கொண்டேன். கதை திரும்பி வந்தது. தண்டனை அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த அஞ்சலட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. கேள்வித்தாளில் பெயரோ எண்ணோ எழுதக் கூடாது. அஞ்சலட்டையில் மட்டும் உறுப்பினர் எண்ணை எழுதி, தனியாகத் தபாலில் போட வேண்டும். அதில் ஒரே ஒரு வாசகம்: ‘நான் பதில் அனுப்பிவிட்டேன். இனி எனக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டாம்.’ இதனால் யார் யார் பதில் எழுதினார்கள் என்பது ஆய்வாளருக்குத் தெரியும்; யார் என்ன எழுதினார்கள் என்பது தெரியாது. எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு பாருங்கள்.

நான் இரண்டையும் அனுப்பவில்லை. ஒரு நினைவூட்டல் வந்தது. இன்னொன்றும் வந்தது. அப்புறம் ஒருநாள் காலை பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

“நூலகத்துலேருந்து வரேன் சார். கேள்வித்தாள் அனுப்பியிருந்தோம்…”

“வந்துச்சு, வந்துச்சு. ரெண்டு நினைவூட்டலும் பத்திரமா வெச்சிருக்கேன். எனக்கு இவ்வளவு அக்கறையா லெட்டர் போடுறவங்க உலகத்துல நீங்க ஒருத்தர்தான். பதில் போட்டா நிறுத்திடுவீங்களேன்னுதான் போடாம இருக்கேன்.”

இதுதான் ஜோக்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

2

கதையை எப்படி ஆரம்பிப்பது என்று நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

முதல் முயற்சி: ‘நூலகம் என்பது மௌனத்தின்’ — வேண்டாம். நூலகத்தையும் மௌனத்தையும் ஒரே வாக்கியத்தில் போடுபவர்கள் நூலகத்துக்குப் போனதே இல்லை. அங்கே மின்விசிறி போடும் சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர் குறட்டையே கேட்காது.

இரண்டாவது: ‘தகவல் மேலாண்மைத் துறையில் மனித உறவுகள் ஒரு’ — இது கதையா, கருத்தரங்கக் கட்டுரையா?

மூன்றாவது: ‘அப்பா செத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.’ — நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. அதற்குள் சாகடிப்பது நியாயமில்லை.

பெயர் விஷயம். அன்று இரண்டு மணி நேரம் பேசிவிட்டு எழுந்தபோது, “இதையெல்லாம் எழுதிடாதீங்க சார்” என்றாள். “சேச்சே” என்றேன். எழுத்தாளனின் ‘சேச்சே’ எவ்வளவு பெறும் என்பது இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. குறைந்தபட்சம் அவளுடைய முறையையாவது கடைப்பிடிக்கிறேன்: பெயர் கிடையாது, எண் கிடையாது, ஊர் கிடையாது. அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் மட்டும் போதும். அந்த ஆராய்ச்சியைச் செய்பவள் அவள்தான். இருநூறு பதிலாவது வேண்டும் என்று அவளுடைய நெறியாளர் சொல்லியிருந்தார். அதனால் டீ வாங்கி வருபவரிலிருந்து தலைமை நூலகர்வரை அவளைப் பார்த்ததும் கேட்டார்கள்: “மீதி எத்தனை?” கேள்வியே பெயராகிவிட்டது. நானும் அவளை ‘மீதி’ என்றே கூப்பிடுகிறேன்.

3

பத்து வருடங்களுக்கு முன்னால். மீதிக்கு நூலகத்தில் வேலை கிடைத்த புதிது. புத்தகம் வாங்கி, கொடுக்கும் கவுன்ட்டரில் உட்காரவைத்திருந்தார்கள். புது வேலைக்காரர்களுக்கு இருக்கும் வேகத்தில், திரும்பி வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தின் வலது மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி. அடுத்த புத்தகத்திலும். அலமாரியில் போய்ப் பார்த்தால் நூற்றுக்கணக்கான புத்தகங்களில் அதே புள்ளி. பொதுச் சொத்தில் யாரோ பல வருடங்களாகக் குறி போட்டு வருகிறார்கள்! கொதித்துப்போய் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினாள்.

செவ்வாய்க்கிழமை ஆள் கையும் களவுமாக மாட்டினார். புள்ளி வைத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் நின்றவர் அவளுடைய அப்பா.

அவர் மின்வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் வீடு வீடாகப் போய், மீட்டரில் உள்ள எண்ணை அட்டையில் எழுதி, ‘பார்த்தாச்சு’ என்பதற்கு மூலையில் ஒரு புள்ளி வைத்த கை. புத்தகம் படித்து முடித்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. அவ்வளவுதான் குற்றம்.

தலைமை நூலகர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வரிசையில் ஆறு பேர். சொந்தக்காரர்களுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று பெயர் வந்துவிடக் கூடாது. மீதி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்:

“சார், புத்தகத்துல இப்படிக் குறி போடக் கூடாது. போர்டுல எழுதியிருக்கோம், படிக்கலையா? இன்னொரு தடவ நடந்தா அட்டைய ரத்து பண்ண வேண்டியிருக்கும்.”

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு, “சரிங்க மேடம். ரப்பர் இருக்குமா?” என்றார்.

கவுன்ட்டரில் இருந்த ரப்பரை வாங்கி, புள்ளியை அழித்து, தூசியை ஊதி, புத்தகத்தை அவள் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

[அன்று அவர் பழைய காக்கிச் சட்டை போட்டிருந்தார் என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். அந்தச் சட்டை இருந்தால், அவள் ‘சார்’ என்று கூப்பிட்டதற்கு விதிமுறையைத் தவிர இன்னொரு காரணமும் வந்துவிடுகிறது. அவள் சட்டையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டிருக்கலாம்.]

சாயங்காலம் வீட்டில் இருவரும் தண்ணீர் மோட்டார் ரிப்பேரைப் பற்றிப் பேசினார்கள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அடுத்த செவ்வாய் அப்பா கிளம்பவில்லை.

“போகலையாப்பா?”

“கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கும்மா. எழுத்தெல்லாம் சேர்ந்து சேர்ந்து தெரியுது.”

அந்த மங்கலான கண்ணோடு அவர் ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்துச் சட்டைப் பொத்தான் தைத்ததை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். தரவாக எடுத்துக்கொள்ளவில்லை.

4

எட்டு வருடம் கழித்து மீதி பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவுசெய்தாள். தலைப்பு நெறியாளருடையது: ‘பொது நூலக உறுப்பினர்கள் வருகையை நிறுத்துவதற்கான காரணிகள்’. புதுப்பிக்காமல் விட்டவர்களின் அட்டைகளை எடுத்து அடுக்கி, ஒவ்வோர் ஐந்தாவது அட்டையையும் உருவினாள். முந்நூற்று எண்பத்து நான்கு அட்டைகள். நூற்றுச் சொச்சமாவதை உருவியபோது கை நின்றது.

அட்டையோடு நெறியாளரிடம் ஓடினாள்.

“சார், இது எங்கப்பா. விட்டுட்டு அடுத்தத எடுத்துக்கட்டுமா?”

நெறியாளர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “ஏம்மா, அப்பாவா இருந்தா என்ன, அமைச்சரா இருந்தா என்ன? அஞ்சாவதா வந்தா அஞ்சாவதுதான். நீ இஷ்டத்துக்கு விட்டா அதுக்குப் பேரு மாதிரி எடுக்கறது இல்ல, சலுகை.”

இந்தச் சலுகை என்ற சொல் அவளை விடாது போலிருக்கிறது.

ஆக, மீதி தன் வீட்டு விலாசத்தைத் தானே எழுதி, தானே தபாலில் போட்டாள். ‘மதிப்பிற்குரிய வாசகருக்கு’ என்று ஆரம்பிக்கும் கடிதம். அதில் தடித்த எழுத்தில் அவளே எழுதிய வாக்குறுதி: ‘உங்கள் பதிலை வைத்து உங்களை அடையாளம் காண எந்த முயற்சியும் செய்ய மாட்டோம்.’ தபால்காரர் கொண்டுவந்து கொடுத்ததை அப்பா வாங்கினார். அவள் ஆபீஸிலிருந்து வந்தபோது உறை மேஜையில் இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பதில் சொல்பவரை ஆய்வாளர் தூண்டக் கூடாது.

5

பத்து நாள் கழித்து, கவுன்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் அன்றைய உறைகளைப் பிரித்தாள். நேரமில்லை. நேரமில்லை. தூரம். நேரமில்லை. (மக்களில் எழுபது சதவீதம் பேர் இதைத்தான் டிக் செய்கிறார்கள்.) நாலாவதோ ஐந்தாவதோ கேள்வித்தாளில் வயது: 71. ஏழின் நடுவில் ஒரு சின்னக் குறுக்குக்கோடு.

மீட்டர் அட்டையில் ஏழை ஒன்றாகப் படித்து யாரும் ஏமாந்துவிடக் கூடாது என்று அவர் அப்படித்தான் எழுதுவார். அவளுடைய பள்ளிக்கூட நோட்டு அட்டைகளில் அந்த ஏழு இருக்கிறது.*

பதின்மூன்றாம் கேள்வி: வருகையை நிறுத்தியதற்கான காரணம். அவர் நேரம், தூரம், உடல்நலம், ஊழியர்களின் நடத்தை எதையும் தொடவில்லை. ‘பிற’ என்ற கட்டத்தில் டிக். எதிரே உள்ள கோட்டில், முத்து முத்தாக:

‘எனக்கு வேண்டிய ஒருவர் அங்கு வேலையில் இருக்கிறார். என்னால் அவருக்குச் சங்கடம் வரக் கூடாது.’

பதினான்காம் கேள்வி: நீங்கள் மீண்டும் வர நூலகம் என்ன செய்ய வேண்டும்? கோடு காலி. வலது மூலையில் மட்டும் பென்சிலால் ஒரு புள்ளி. பார்த்தாச்சு.

மீதி அந்தத் தாளை மற்ற தாள்களுக்கு நடுவில் சொருகினாள். பிறகு வெளியே எடுத்தாள். பிறகு மறுபடியும் சொருகினாள். வெளியே யாரோ, “என்ன மேடம், மீதி எத்தனை?” என்றார்கள்.

ஒன்பது வருடமாக வீட்டில் சொல்லாத உண்மையை, ஒரு வாக்குறுதியை நம்பி அவர் தபாலில் சொல்லியிருக்கிறார். “அப்பா, வாங்க” என்று ஒரு வார்த்தை சொன்னாலும், அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் அவர் வரவே மாட்டார்.

(* அந்த எண் ஏழு இல்லை. எது என்று சொல்ல மாட்டேன். மீட்டரும் மீட்டர் இல்லை. புள்ளி மட்டும் புள்ளிதான். அதை மாற்ற மனசு வரவில்லை.)

6

அஞ்சலட்டை வந்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். வரவில்லை. அவர் பதில் அனுப்பிவிட்டார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தெரியக் கூடாது. அட்டை வராதவர்களுக்கு நினைவூட்டல் போக வேண்டும் என்பது முறை. அனுப்பினாள். மூன்று வாரம் கழித்து இரண்டாவதும் அனுப்பினாள்.

அன்று சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே பேச்செடுத்தார்.

“உங்க ஆபீஸ்ல ஒரு ஆராய்ச்சிக்காரம்மா இருக்காங்க போல.”

மீதி சோற்றைப் பிசைந்தாள். “ஆமா. இருக்காங்க.”

“விடாம லெட்டர் போடுறாங்க. இன்னிக்கும் ஒண்ணு வந்துச்சு.”

“தொந்தரவா இருக்காப்பா?”

“சேச்சே. நல்ல தமிழ்ல எழுதுறாங்க. மதிப்பிற்குரியங்கறாங்க, தங்கள் மேலான கருத்துங்கறாங்க. மீட்டர் பாக்கப் போறவன யாரு இப்படிக் கூப்பிட்டிருக்கா? நாய அவுத்து விடாம இருந்தாலே மரியாதை.”

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

“எப்படிம்மா அந்தம்மா, நல்ல மாதிரியா?”

“கொஞ்சம் கறார்.”

“வேலைன்னா கறாராத்தான் இருக்கணும். அது தப்பில்ல.” தண்ணீர் குடித்தார். “இன்னும் எழுதுவாங்களா?”

இங்கே நிற்கிறேன். வாசகரே, நீங்களும் நில்லுங்கள். இந்த மனுஷர் ஒன்பது வருடம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். வாக்குறுதியும் உடையாது, வாயும் திறக்கும். மூன்றாம் மனுஷியாக ஓர் ஆராய்ச்சிக்காரம்மாவை மேஜையில் உட்காரவைத்து, அவள் வழியாகப் பேசச் சொல்லி மகளுக்கு இடம் போட்டுக் கொடுக்கிறார். மகள் என்ன சொன்னாள்?

“அந்த அஞ்சலட்டைய மட்டும் போட்டுடுங்கப்பா. அப்புறம் எழுத மாட்டாங்க.”

“ஓ. அப்படியா,” என்றார் அப்பா. “சரிம்மா.”

முறைப்படி அது சரியான பதில்.

7

மூன்றாம் கட்டம்: நேரில் சந்தித்தல். இரண்டு நினைவூட்டலுக்கும் மசியாதவர்களின் பட்டியலை மீதி தயாரித்தாள். நாற்பத்தொன்றாவது இடத்தில் அவளுடைய வீடு. ஏதோ ஒரு சனிக்கிழமை கையில் ஃபைலோடு தன் வீட்டுக் கதவைத் தானே தட்ட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று பஸ்ஸில் யோசித்துப் பார்த்து, தனியாகச் சிரித்திருக்கிறாள்.

முப்பத்தாறாவது வீட்டில் இருந்தபோது ஃபோன் வந்தது. அப்பா முடிதிருத்தும் கடையில் தன் முறைக்குக் காத்திருந்தபடியே, மடியில் பேப்பரோடு, போய்விட்டார். கடைக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், “சார், நீங்கதான், வாங்க” என்று.

பதினாறு நாள் கழித்து அவருடைய மேஜை டிராயரைத் திறந்தாள். மேலே இரண்டு நினைவூட்டல் கடிதங்கள், மடிப்புக் கலையாமல். இரண்டிலும் வலது மூலையில் புள்ளி. அடியில் அஞ்சலட்டை. உறுப்பினர் எண் எழுதியிருந்தது, குறுக்குக்கோடு போட்ட ஏழோடு. தேதியும் எழுதியிருந்தது: கேள்வித்தாளை அனுப்பிய அதே வாரம். ‘இனி எனக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டாம்.’ தபாலில் போடாமல் வைத்திருந்தார்.

“மறந்திருப்பாருங்க,” என்றேன் நான், என் வாசல்படியில். ஆறுதல் சொல்வதாக நினைப்பு.

“மறக்கிற ஆள் இல்ல சார். முப்பது வருஷத்துல ஒரு வீட்டு மீட்டர விட்டதில்ல.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “பதில் போட்டா நிறுத்திடுவீங்களேன்னு நீங்க வெளையாட்டுக்குச் சொன்னீங்க.”

உள்ளே போனேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

8

கேள்வித்தாளை அங்கேயே வைத்துப் பூர்த்தி செய்தேன். நான்தான் இருநூறாவது. காரணம் என்ற இடத்தில் ‘நேரமில்லை’ என்று டிக் செய்தேன். அது பொய். என் நாவல் ஒன்று அந்த நூலகத்தில் இருந்தது. போகும்போதெல்லாம் எடுத்து, பின்னால் ஒட்டிய தேதிச்சீட்டைப் பார்ப்பேன். ஆறு வருடத்தில் ஒரு முத்திரை விழவில்லை. அதனால்தான் போவதை நிறுத்தினேன். பெயர் இல்லாத தாளில்கூட எனக்கு இதை எழுத வரவில்லை. அவருக்கு வந்தது.

பிறகு ஒருநாள் ஃபோனில் சொன்னாள்: அட்டவணை போட்டாகிவிட்டதாம். இருநூறில் ஒன்று. அப்பா இப்போது அரை சதவீதம். “ஒரே ஒருத்தர் சொன்னத தனியாக் காட்ட வேணாம்மா, ‘பிற’வுல சேர்த்துடு” என்று நெறியாளர் சொன்னதால், அந்த அரையும் வேறு யாரோ எழுதிய ‘கழிப்பறை சரியில்லை’யோடு கூட்டுக்குடித்தனம் நடத்துகிறது.

இன்னொரு சிக்கல். நேரில் சந்திக்கும் பட்டியலில் நாற்பத்தொன்றுக்கு எதிரே அவள் குறியீடு போட வேண்டியிருந்தது. 1 சந்தித்தேன், 2 பூட்டிய வீடு, 3 இடம் மாறியவர், 4 காலமானவர். நான்கு போட்டாள். ஆக, ஒரே மனிதர் அவளுடைய ஆய்வில் இரண்டு இடத்தில் இருக்கிறார்: பதில் சொன்னவராகவும், பதில் சொல்லாமலே செத்தவராகவும்.

நெறியாளர் விட்டுவிடுவாரா?

“முந்நூத்து எண்பத்து நாலு பேருக்கு அனுப்பிட்டு, முந்நூத்து எண்பத்தஞ்சு எப்படிம்மா வந்துச்சு? ஆராய்ச்சில ஆள் குறையும், பார்த்திருக்கேன். கூடி இப்பதான் பார்க்கறேன். யாரு அந்த ஒருத்தர்?”

“சரி பார்க்கறேன் சார்,” என்றாள்.

திருத்துவது ஒரு நிமிட வேலை. ஆனால் அந்தத் தாள் இன்னாருடையது என்று அவள் சொல்ல வேண்டும். முயற்சி செய்ய மாட்டோம் என்று தடித்த எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். போன மாதம்வரை திருத்தவில்லை. ஆய்வேடு அவள் மேஜையில் இருக்கிறது, ஒருவர் கூடுதலாக.

9

முடிவு. இரண்டு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: மீதி என் நாவலை அலமாரியில் தேடி எடுக்கிறாள். தேதிச்சீட்டு காலி. ஆனால் கடைசிப் பக்கத்தின் மூலையில் ஒரு பென்சில் புள்ளி. அவர் வீட்டுக்கு எடுத்துப்போகாமல் அங்கேயே உட்கார்ந்து படித்திருக்கிறார்! — இது கதைக்காக எழுதியதில்லை, என் நப்பாசைக்காக எழுதியது. அவள் அப்பாவின் சாவில் எனக்கு ஒரு வாசகரைத் தேடிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். அடித்துவிட்டேன். (நேரில் போய்ப் பார்க்கவில்லை. பயமாக இருக்கிறது. புள்ளி இல்லாவிட்டாலும் பயம், இருந்தாலும் பயம்.)

இரண்டு: அவர் இன்னும் முடிதிருத்தும் கடைக்குப் போகவில்லை. சனிக்கிழமை காலை. மீதி பின்பக்கமாக வெளியே வந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு, ஃபைலோடு முன்வாசலுக்கு வருகிறாள். தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். உள்ளே செருப்புச் சத்தம்.

“யாரு?”

“நூலகத்துலேருந்து வரேன் சார்.”

கதவு திறக்கிறது. அவர் அவளைப் பார்க்கிறார், ஃபைலைப் பார்க்கிறார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்கிறார்.

“வாங்க மேடம். லெட்டரெல்லாம் வந்துச்சு. சொல்லுங்க, என்ன விஷயம்?”

இதற்கு அவள் சொல்லும் பதிலை ஏழு விதமாக எழுதினேன். எல்லாமே என் குரலில்தான் இருக்கின்றன. ஒன்றில்கூட அவர் நூலகத்துக்குக் கிளம்பவில்லை. அதனால் அந்த வரியை உங்களிடம் விடுகிறேன். நீங்களும் யாரையாவது வரிசையில் நிற்கவைத்து ‘சார்’ என்றிருப்பீர்கள். அல்லது யாராவது உங்களை. பென்சிலாலேயே எழுதுங்கள், பரவாயில்லை. புத்தகத்தில் குறி போடுகிறீர்கள் என்று நான் கத்த மாட்டேன்.

“……………………………………………………………………………………”

பெயர் வேண்டாம். கையெழுத்தை வைத்து உங்களை அடையாளம் காண எந்த முயற்சியும் செய்ய மாட்டேன். எழுத ஒன்றும் தோன்றாவிட்டால் வலது மூலையில் ஒரு புள்ளி வையுங்கள். பார்த்தாச்சு என்று எடுத்துக்கொள்கிறேன்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.